வெடியும் தூரமும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில் ஆனைக்குட்டம் என்னும் ஊர் இருக்கிறது. வைப்பாற்றோடு கலக்கும் அர்ச்சுனா நதியைத் தடுத்துக் கட்டிய நீர்த்தேக்கம் ஒன்று அங்கே உண்டு. அந்த வட்டாரத்தில் பயணம் செய்பவர்களின் கண்ணில் ஒரு காட்சி அடிக்கடி படும். பரந்த வெளியைச் சுற்றி ஒரு வேலி. அதற்குள்ளே சிறு சிறு அறைகள். ஓர் அறை மற்றோர் அறையைத் தொடுவதில்லை. பாகப்பிரிவினையில் மனம் கசந்துபோன பங்காளிகளின் வீடுகளைப்போல அவை விலகி விலகி நிற்கும். அவைதாம் பட்டாசுத் தொழிற்சாலைகள்.

“இவ்வளவு இடத்தை ஏன் வீணாக்குகிறார்கள்? எல்லாவற்றையும் ஒரே கட்டடமாகக் கட்டிவிட்டால் செங்கல் மிச்சம், நடை மிச்சம், மேற்பார்வையும் சுலபம் அல்லவா?” என்று என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த இடம் வீணாகக் கிடப்பது அன்று; அங்கே மிகக் கடுமையாக உழைப்பதே அந்தக் காலியிடந்தான். அது எவ்வாறு என்பதை இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் வெடி என்பது என்ன? வெடிமருந்துக்குள் ஏதோ பூதம்போன்ற சக்தி அடைபட்டுக் கிடக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு கிலோ டி.என்.டி. வெடித்தால் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 1,000 கிலோகலோரி. ஒரு கிலோ அரிசி நம் உடலுக்கு அளிப்பதோ சுமார் 3,500 கிலோகலோரி. அதாவது, வீட்டில் சோறு வடிக்கிற அரிசி, போர்க்களத்தில் எறிகிற வெடிமருந்தைப்போல் மூன்றரை மடங்கு சக்தி உடையது. அப்படியானால் அரிசி மூட்டை ஏன் வெடிப்பதில்லை?

வேகந்தான் காரணம். உண்ட சோறு எரிந்து சக்தியாவதற்குப் பல மணி நேரம் ஆகிறது. டி.என்.டி.க்குள் வெடிப்பு விநாடிக்கு 6,900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு கிலோக் கட்டியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முடித்துவிடுவதற்கு, ஒரு விநாடியை லட்சம் கூறாக்கினால் அதில் ஒன்றிரண்டு கூறே போதும். அரிசியும் விறகும் எரியவேண்டுமானால் வெளிக்காற்றிலிருந்து பிராணவாயு வந்து சேரவேண்டும்; அது வரும் வேகத்துக்குமேல் தீ ஓட முடியாது. வெடிமருந்தோ தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. பட்டாசு மருந்தில் அந்த வேலையைச் செய்வது வெடியுப்பு. கரியும் கந்தகமும் அலுமினியப் பொடியும் விறகு; வெடியுப்பு காற்று. இரண்டையும் மாவாக அரைத்துக் கலந்து வைத்துவிட்டால், தீ எங்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சிறிது நேரத்துக்கு முன் கைப்பிடியளவு திடப்பொருளாக இருந்தது, மறுகணம் பன்மடங்கு பருமனுள்ள கொதிக்கும் வாயுவாக மாறி இடம் கேட்கிறது. அந்த இடத்தை அது கேட்கும் முறைக்குத்தான் வெடி என்று பெயர்.

அது எப்போதும் முரட்டுத்தனமாகத்தான் கேட்கும் என்பதில்லை. இதற்குப் புஸ்வாணமே சாட்சி. மருந்து அதே ஜாதி மருந்துதான். ஆனால் புஸ்வாணத்துக்கு மேலே வாய் திறந்திருக்கிறது. வாயு உண்டாக உண்டாக அந்த வழியே வெளியேறிவிடுகிறது, அமுக்கம் சேர்வதில்லை. அதே மருந்தைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, நூலும் வரிந்து கட்டிவிட்டால் வாயு உள்ளேயே முட்டி மோதுகிறது. அமுக்கம் ஏற ஏறத் தீயின் வேகமும் ஏறுகிறது. வேகம் ஏற ஏற அமுக்கம் இன்னும் ஏறுகிறது. கடைசியில் உறை கிழிந்து ‘படீர்’ என்கிறது. ஒரு காரியம் கைகூடாமற்போனால் ‘புஸ்வாணமாகிவிட்டது’ என்று நாம் ஏளனமாகச் சொல்லுகிறோம். தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது அதைவிட உயர்ந்த பாராட்டு வேறு இல்லை.

அமெரிக்காவில் டெலாவேர் மாகாணத்துப் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802இல் தொழில் தொடங்கிய டூபான்ட் குடும்பத்தார், தம் வெடிமருந்து ஆலைகளுக்கு மூன்று பக்கம் கனத்த கற்சுவர் எழுப்பினார்கள். ஆற்றை நோக்கிய நாலாவது பக்கத்தையும் கூரையையும் மெல்லிய மரத்தால் அமைத்தார்கள். விபத்து நேர்ந்தால் வெடி மெல்லிய பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு ஆற்றின்மேல் போய்விடும். பக்கத்து ஆலை தப்பும். கட்டடத்தையே ஒரு புஸ்வாணமாகக் கட்டியிருக்கிறார்கள்! வெடிமருந்து கையாளும் அறைக்குக் கனமான கூரை ஆகாது என்பதற்கும் காரணம் இதுவே. கனத்த கூரை வெடியை அடக்குவதில்லை. அதற்கு உறையாகி, அதன் வேகத்தைக் கூட்டி, பிறகு தானே பெயர்ந்து ஆட்களின் தலைமேல் விழுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அலுமினியப் பொடி கலந்த மருந்துக்கு இந்தத் தாராளம் செல்லாது. சிட்டிகையளவு எரிந்தால் பளிச்சென்று ஒளி வீசி அணைந்துவிடும். கிலோக் கணக்கில் குவியலாகக் கிடந்தாலோ, குவியலின் மேற்பகுதியே உட்பகுதிக்கு உறையாகிவிடுகிறது. உறையே இல்லாமல், திறந்த தரையில் கிடக்கும் குவியலும் வெடிக்கலாம். ஆகவே, எவ்வளவு மருந்து ஓரிடத்தில் இருக்கிறது என்பது, என்ன மருந்து இருக்கிறது என்பதற்குச் சமமான கேள்வியாகும்.

மருந்து தானாகப் பற்றுவதில்லை. யாரோ, எதுவோ அதைத் தூண்டவேண்டும். மோதலால் ஒரு மருந்து எவ்வளவு எளிதில் பற்றும் என்பதை ஆராய்ச்சிக்கூடத்தில் எளிய முறையில் அளக்கிறார்கள். எஃகுப் பரப்பின்மேல் சிட்டிகை மருந்தை வைத்து, குறித்த எடையை முதலில் தாழ்ந்த உயரத்திலிருந்தும், பிறகு படிப்படியாக உயர்ந்த இடத்திலிருந்தும் விழவிடுகிறார்கள். பாதித் தடவை பற்றுகிற உயரம் எதுவோ, அது அந்த மருந்தின் ‘கோபத்துக்கு’ அளவு. குளோரேட் உப்பும் கந்தகமும் சேர்ந்த கலவை இந்தச் சோதனையில் மிகவும் பொல்லாதது என்று தெரியவரும். பட்டாசில் அந்தக் கலவையைச் சேர்க்கக் கூடாது என்று 1992இல் மத்திய அரசு தடை விதித்ததற்குக் காரணம் இதுதான்.

தீக்குச்சியையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஐயநாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் தீப்பெட்டித் தொழில். சிவகாசியின் வாழ்வு அதிலிருந்து தளிர்த்ததே. தீப்பெட்டியின் சூட்சுமம் என்ன? குளோரேட்டைக் குச்சியின் தலையில் வைக்கிறார்கள். சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசுகிறார்கள். சேர்ந்தால் சீறும் இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் நாம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தைரியமாக நடமாடுகிறோம். தூரம் என்னும் தத்துவம் அரை அங்குலத்திலும் வேலை செய்கிறது.

மோதலும் உராய்வும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். அவற்றுக்காக இரும்புக் கருவியை விலக்கி, பித்தளையும் மரமும் கையாளுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரி நிலைமின்சாரம். மழை குறைந்த, வறண்ட பூமி என்பதால்தான் அந்த வட்டாரத்தில் இத்தொழில் செழித்தது. மருந்தும் காகிதமும் வெயிலில் நன்றாகக் காய்கின்றன. ஆனால் காற்று காய்ந்தால் உடலில் மின்னேற்றம் தங்கும். செயற்கை நூலாடை உரசினால் ஆளின்மேல் பல்லாயிரம் வோல்ட் ஏறிவிடும். விரல்நுனியில் சுருக்கென்று நமக்குத் தெரிவதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் குறைந்ததை நாம் உணர்வதுகூட இல்லை. ஆகையால் பருத்தியாடை உடுத்தவேண்டும், அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு மின்னேற்றத்தைத் தரைக்கு அனுப்பவேண்டும் என்ற விதிகள் வந்தன. கோயிலுக்குள் நுழைகிறவர் வாயிற்படியைத் தொட்டுக் கும்பிடுவதுபோல இருக்கும் அது.

வறட்சி பகை என்றால் ஈரம் நட்போ? அதுவும் இல்லை. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே மெல்ல ரசாயன மாறுதல் தொடங்குகிறது. சூடு பிறக்கிறது, சூடு மாறுதலை விரைவுபடுத்துகிறது. போரிக் அமிலம் சிறிது சேர்ப்பது இதைத் தணிக்கத்தான். மாலையில் மீந்த கலவையை மறுநாளைக்கு என்று மூடி வைத்துவிட்டுப் போனால், இரவெல்லாம் அது தனியே உட்கார்ந்து கோபத்தை வளர்த்துக்கொண்டிருக்கக்கூடும். காலையில் வந்து மூடியைத் திறப்பவருக்கு அது தெரியாது. அன்றன்று கலந்ததை அன்றன்றே தீர்க்கவேண்டும், மீந்ததை முறைப்படி அழித்துவிடவேண்டும் என்பது இதனால்தான்.

இனி, பற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெளியே என்ன நிகழ்கிறது?

வாயு விரிந்து சுற்றியுள்ள காற்றை நெருக்கித் தள்ளுகிறது. நெருக்கப்பட்ட காற்று ஒரு சுவரைப்போலத் திரண்டு ஒலியைவிட வேகமாகப் புறப்படுகிறது. இதுவே அதிர்ச்சியலை. போகப்போக அது தளர்ந்து, கடைசியில் வெறும் ஓசையாகிவிடுகிறது. நாம் தொலைவிலிருந்து கேட்கும் ‘டமார்’ என்பது அந்தச் சுவரின் கிழப்பருவம்.

நம்மைச் சுற்றியுள்ள காற்று எப்போதுமே சதுர மீட்டருக்குப் பத்து டன் எடையளவு அமுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளும் புறமும் சமமாக இருப்பதால் நாம் உணர்வதில்லை. அதிர்ச்சியலை வரும்போது ஒரு பக்கத்தில் மட்டும் அமுக்கம் திடீரென்று கூடுகிறது. சதுர மீட்டருக்கு 100 கிலோ எடையளவு கூடினாலே ஜன்னல் கண்ணாடிகள் உடையலாம். 700, 800 கிலோ கூடினால் சாதாரண வீட்டுச் சுவரும் கூரையும் சேதமாகும். மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள சுவரின்மேல் 800 கிலோ வீதம் அமுக்கினால், மொத்தம் ஏழு டன்னுக்கு மேலாகிறது. பாரமேற்றிய லாரி ஒன்று திடீரென்று அதன்மேல் சாய்ந்ததுபோல. மனிதச் செவிப்பறை கிழியத் தொடங்குவது 3,500 கிலோவில். நுரையீரல் புண்படுவது சுமார் 10,000 கிலோவில். செவி, நுரையீரல், குடல் ஆகிய காற்றடங்கிய உறுப்புகளையே இந்த அலை தேடித் தாக்குகிறது.

இந்த எண்களைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். சுவரைவிட மனித உடல் பன்மடங்கு உறுதியானது! வெடி அலையே ஆளைக் கொல்வது மிக அருகில்தான். சற்று விலகியிருப்பவரைக் கொல்வது இடிந்த சுவரும், பறந்த கல்லும், கண்ணாடிச் சில்லும். பட்டாசு விபத்துகளில் இவற்றோடு தீயும் சேர்ந்துகொள்கிறது. தீக்காயமே அங்கே பேரெமன்.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். வெடியின் அளவுக்கும் தூரத்துக்கும் உள்ள உறவை 1915இல் இங்கிலாந்துப் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் கண்டார். ஜெர்மானியரான கார்ல் கிரான்ஸ் பின்னர் 1926இல் தனியே அதை வெளியிட்டார். அது ஒரு கனமூல விதி. ஒரு கிலோ டி.என்.டி. வெடித்தால், சதுர மீட்டருக்கு 800 கிலோ என்று நான் சொன்ன அமுக்கம் சுமார் 16 மீட்டர் தூரத்தில் இருக்கும். எட்டுக் கிலோ வெடித்தால் அதே அமுக்கம் எட்டு மடங்கு தூரத்தில் இராது; எட்டின் கனமூலம் இரண்டு, ஆகவே 32 மீட்டரில் இருக்கும். ஆயிரம் கிலோவுக்குப் பத்து மடங்கு, அதாவது 160 மீட்டர். பட்டாசு மருந்து டி.என்.டி. அன்று, அதன் வலிமை கலவையையும் கட்டையும் பொறுத்துக் குறைந்தும் கூடியும் இருக்கும். ஆனாலும் விதியின் உருவம் மாறுவதில்லை.

இந்த விதியைக் கேட்டதும் மாணவர்களுக்கு இரண்டு எண்ணம் தோன்றும். ஒன்று, ‘ஆயிரம் மடங்கு மருந்துக்குப் பத்து மடங்கு தூரம் போதுமாமே!’ என்ற ஆறுதல். அந்த ஆறுதல் பாதிதான் உண்மை. அமுக்கம் மட்டுமன்றி, அது நீடிக்கும் காலமும் இதே கனமூலப்படி வளருகிறது. ஒரு கிலோ வெடியின் அலை 16 மீட்டரில் சில மில்லி விநாடி சுவரைத் தள்ளிவிட்டுப் போய்விடும். ஆயிரம் கிலோ வெடியின் அலை 160 மீட்டரில் அதே வலுவோடு பத்து மடங்கு நேரம் தள்ளும். கதவை ஒரு தட்டுத் தட்டுவதும், அதே பலத்தோடு தோள்கொடுத்து நெட்டுவதும் ஒன்றா? முன்னதற்கு நிற்கும் சுவர் பின்னதற்கு நிற்காமற்போகலாம்.

இரண்டாவது எண்ணம் இன்னும் முக்கியமானது. கனமூல விதி மேலே ஏறும்போது இரக்கம் காட்டுவதுபோலத் தோன்றினாலும், கீழே இறங்கும்போது கஞ்சத்தனம் செய்கிறது. மருந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று ஒருவர் நிம்மதி கொள்ளலாம். ஆபத்தான தூரம் பாதியாவதில்லை. ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. அதைப் பாதியாக்க வேண்டுமானால் மருந்தை எட்டில் ஒன்றாக்க வேண்டும். ஆகவேதான் ‘கொஞ்சம் குறைத்துக்கொள்’ என்று சட்டம் சொல்லவில்லை. கையில் மிகச் சிறிய அளவே எடுத்துக்கொள், மற்றதெல்லாம் வேறிடத்தில் இருக்கட்டும் என்று சொல்லுகிறது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் 2008இல் வகுத்த விதிகளும், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்புத் துறையும் கேட்பது இதைத்தான். அறைக்கு நான்கு பேருக்குமேல் கூடாது என்று தொழிலாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதியும் இதன் மறுபக்கம். மருந்தைப் பிரிப்பதுபோல் ஆட்களையும் பிரிக்கவேண்டும்.

பிரித்துவிட்டால் மட்டும் போதுமா? எட்டுக் கிலோவை எட்டு அறைகளில் ஒவ்வொரு கிலோவாக வைக்கிறோம். அறைகள் ஒட்டி இருந்தால் முதல் அறையின் தீயும் சிதறலும் அடுத்த அறையைப் பற்றவைக்கும். கணப்பொழுதில் எட்டும் ஒன்றாகிவிடும். இயற்கை நம் சுவர்களை எண்ணுவதில்லை. எவ்வளவு மருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெடித்தது என்பதையே எண்ணுகிறது. இடையிலுள்ள வெற்றிடம் அறைகளை உண்மையிலேயே தனித்தனி ஆக்குகிறது. அறைகளுக்கு நடுவே எழுப்பும் மண்மேடும் உதவுகிறது. ஆனால் அது தடுப்பது பறந்துவரும் கல்லையும் கம்பியையும்தான். அலையோ அணையின்மேல் வழியும் வெள்ளம்போல மேட்டின் தலைக்குமேல் வளைந்து இறங்கிவிடும். மண்மேடு இருக்கிறதே என்று தூரத்தைக் குறைப்பது கணக்கறியாதவர் செய்யும் காரியம்.

என் மாணவனுக்கு இதுவரை சொன்னதே விடை. அறைகளின் நடுவே உள்ள வெறுந்தரை, அங்கே வேலை செய்யும் மக்களின் உயிர்க்காப்பு நிதி.

அந்த நிதியைச் செலவழிப்பது எப்படி நேருகிறது என்பதையும் பேசாமல் விடுவது நியாயம் ஆகாது. தீபாவளி நெருங்குகிறது. கேட்புகள் குவிகின்றன. நான்கு பேர் அறையில் ஏழெட்டுப் பேர் உட்காருகிறார்கள். அறை போதாதென்று மரத்தடியில் மருந்து செலுத்துகிறார்கள். உரிமம் பெற்றவர் உள்குத்தகைக்கு விட்டுவிட, குத்தகை எடுத்தவர் கொடுத்த பணத்தைச் சீக்கிரம் எடுக்கப் பார்க்கிறார். விபத்துக்குப் பின் வரும் விசாரணைச் செய்திகளில் இவை மாறிமாறி வருவதை எவரும் காணலாம். ஆனைக்குட்டம் பக்கத்தில் பல ஆண்டு இத்தொழிலில் இருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, மருந்தைச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்தால் என்ன?” என்று கேட்டேன். “சார், கொஞ்சங் கொஞ்சமா எடுத்தா நடை கூடும். நடை கூடினா கூலி கொறையும்” என்றார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு, சட்டம் வகுத்த தூரம் முழுவதும் தம் காலால் நடக்கவேண்டிய தூரம். ஹாப்கின்சனின் சூத்திரத்தில் கூலிக்கு இடமில்லை. ஆனால் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்கு இடம் வைத்தே பேசவேண்டும் என்பது என் எண்ணம். நடைக்கும் சேர்த்துக் கூலி கணக்கிட்டால் மருந்துக் குவியல் தானே சிறுத்துவிடும்.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 38 பேர் இறந்தனர். அந்த விபத்தைப் பற்றி இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இறந்தவர்களில் பலர் அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடியோசை கேட்டு, உதவி செய்வதற்காகவும், என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காகவும் சுற்றுப்புறத்திலிருந்து ஓடிவந்தவர்கள். தீ அறைக்கு அறை தாவியது. அவர்கள் நெருங்கிய நேரத்தில் பெரிய வெடி வெடித்தது.

இதே கதையை உலகம் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறது. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிக்கின்’ என்ற கப்பல் தீப்பற்றியது. சுமார் 1,400 டன் வெடிபொருளோடு பஞ்சுப் பொதிகளையும் அதில் ஏற்றியிருந்தார்கள். பிரித்து வைக்கவேண்டியதைச் சேர்த்து வைத்ததற்கு இதைவிடக் கொடிய உதாரணம் கிடைக்காது. தீயணைப்பு வீரர்கள் கப்பலைச் சூழ்ந்து போராடிக்கொண்டிருக்கையில், மாலை நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் முதல் வெடி. ஏறக்குறைய அரைமணி கழித்து இரண்டாவது வெடி. சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவிகூட அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தது. கடமையில் மாண்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக இன்றும் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளாக நம் நாட்டில் அனுசரிக்கப்படுகிறது.

அண்மைக்கால உதாரணம் பெய்ரூட். 2020 ஆகஸ்டு 4ஆம் நாள், துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் தீயில் சிக்கி வெடித்தது. இருநூறு பேருக்குமேல் மாண்டனர். தீயை அணைக்கச் சென்ற குழுவினரும் அவர்களில் அடக்கம். அந்த வெடி, பல நூறு டன்னிலிருந்து ஆயிரம் டன்வரை டி.என்.டி.க்குச் சமம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கனமூலக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆயிரம் டன் என்பது பத்து லட்சம் கிலோ. அதன் கனமூலம் நூறு. பதினாறை நூறால் பெருக்கினால் 1,600 மீட்டர். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் வீட்டுச் சுவர்களுக்கு ஆபத்து! இந்தச் செய்தி வந்த சில நாட்களில், சென்னைக்கு வடக்கே மணலியில் 2015ஆம் ஆண்டிலிருந்து சுங்கத்துறையின் பிடியில் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படத் தொடங்கினார்கள். அந்த மாதத்திலேயே அதை ஐதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாண்டு அசையாத சரக்கை ஓர் அயல்நாட்டுப் புகைப்படம் அசைத்துவிட்டது.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கனமூல விதிக்குக் கட்டுப்படாது; காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, கதவு எங்கே திறந்திருக்கிறதோ அங்கே போகும். 2016 அக்டோபரில் சிவகாசி நகரில் வண்டியில் பட்டாசு ஏற்றிய இடத்தில் பற்றிய தீயின் புகை, பக்கத்திலிருந்த ஸ்கேன் நிலையத்துக்குள் புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியேற வழியின்றி மூச்சுத்திணறி மாண்டனர். வெடி அவர்களைத் தொடவே இல்லை.

வீட்டில் கொளுத்தும் பட்டாசுக்கு வருவோம். 1999இல் வந்த விதிப்படி, ஒரு வெடி வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் அதன் உச்ச ஓசை 145 டெசிபெலைத் தாண்டக் கூடாது. இதை நம் கணக்கில் சொன்னால் சதுர மீட்டருக்குச் சுமார் 36 கிலோ. செவிப்பறை கிழிய வேண்டிய அமுக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு, பயமில்லை. ஆனால் தூரம் குறையக் குறைய அமுக்கம் அதே விகிதத்திலாவது ஏறும். மிக அருகில் இன்னும் அதிகமாகவே ஏறும். நான்கு மீட்டரை நூறில் ஒன்றாக்கினால் நான்கு சென்டிமீட்டர். காதருகே வெடித்தால் சட்டப்படி செய்த அதே பட்டாசு செவிப்பறையைக் கிழிக்கும் எல்லைக்கு வந்துவிடுகிறது.

கடைசியாக, கண்ணாடியைப் பற்றி. 1917 டிசம்பர் 6ஆம் நாள் காலையில் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மோதின. அவற்றுள் ‘மான்ட் பிளாங்க்’ என்ற வெடிமருந்துக் கப்பல் இருபது நிமிடம்போல எரிந்துகொண்டிருந்தது. குளிர்காலக் காலை, ஊரார் வீடுகளுக்குள் இருந்தபடியே ஜன்னலோரம் நின்று அந்தத் தீயை வேடிக்கை பார்த்தார்கள். கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 1,800 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் கண்ணில் கண்ணாடிச் சில் பாய்ந்து காயமுற்றனர். பார்வை இழந்தவர் பலர்.

ஒளி உடனே வந்துவிடுகிறது. அலையோ, தொலைவு சென்றபின், ஏறத்தாழ ஒலியின் வேகத்தில், விநாடிக்கு 340 மீட்டர் வீதம் வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பெரிய ஒளி தோன்றினால் அலை வருவதற்குச் சுமார் மூன்று விநாடி இருக்கிறது. இரண்டு கிலோமீட்டரானால் ஆறு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரோரமாகத் தரையில் குப்புறப் படுத்து, தலையைக் கைகளால் மூடிக்கொள்வதற்கு மூன்று விநாடி போதும். ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பதற்கும் அதே மூன்று விநாடி போதும்.